கிறிஸ்துமஸ் லீவு டோர்னமென்ட்டைப் பள்ளி கோச் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்?

#1 நேப்பர்வில் அப்பா

வணக்கம். சிகாகோ பக்கம் இருக்கிறோம். பையன் பதினோராம் வகுப்பு, பள்ளியின் வார்சிட்டி, அதாவது முதல்நிலை, பேஸ்கட்பால் டீமில் இருக்கிறான். முதலில் இறங்கும் ஐந்து பேரில் இல்லை. எட்டாவது, ஒன்பதாவது ஆளாக உள்ளே போவான்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் லீவில் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் நடந்த பெரிய டோர்னமென்ட்டுக்கு டீமை அழைத்துப் போனார்கள். விமானம், ஹோட்டல், நாலு நாள். பெற்றோர் நாங்களும் கூடவே போனோம். பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆட்டம்தான் சரியில்லை. மூன்று ஆட்டத்தில் இரண்டு படுதோல்வி. ஒன்றில் வித்தியாசம் நாற்பதைத் தாண்டிப் போய், கடைசி குவார்ட்டரில் கடிகாரத்தை நிறுத்தாமலே ஓடவிட்டார்கள். என் பையன் அந்தப் பயணம் முழுக்க ஆடியது ஆறு நிமிஷம். அந்த ஆறும் அப்படிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான்.

இந்த வருஷம் கோச் அதை விட்டுவிட்டார். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு சின்ன ஊரில், 16 டீம் ஆடும் தொடருக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். பையன்களுக்கு முகமே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம்ம டீம் முன்னே போகிறதா, பின்னே போகிறதா?" என்று கேட்டேவிட்டார். கோச் சொன்னது ஒரே வரி: "எனக்கு நாலு நல்ல ஆட்டம் வேண்டும்."

எதை வைத்து இதை முடிவு செய்கிறார்கள்? செலவா, பேரா, ஜெயிக்கிற வாய்ப்பா? இந்த விஷயம் உள்ளே இருந்து தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


#2 ஃபிரிஸ்கோ மேத்ஸ் வாத்தியார்

சார், வணக்கம். டெக்ஸாஸில் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஒன்பது வருஷமாக அதே பள்ளியில் உதவி கோச். டோர்னமென்ட் தேர்வில் தலைமை கோச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரும் பென்சிலும் பிடிக்கிற வேலை எனக்கு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. எத்தனை ஆட்டம் ஆடலாம் என்று ஒவ்வொரு மாநிலமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் பள்ளி ஆட்டங்களை நடத்தும் யூஐஎல் அமைப்பின் விதி: மூன்று டோர்னமென்ட் ஆடினால் தனி ஆட்டம் 21, இரண்டு ஆடினால் 23, ஒன்று ஆடினால் 25. அதாவது ஒரு டோர்னமென்ட் என்பது நம் கையிலிருந்து இரண்டு தனி ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறது. பதிலுக்கு அது மூன்று, நாலு ஆட்டம் தர வேண்டும். "ஒரு தோல்வியோடு வீட்டுக்குப் போ" என்கிற தொடர் எங்களுக்கு நஷ்டம். உங்கள் கோச் "நாலு ஆட்டம்" என்று சொன்னதில் பாதி இதுதான்.

அடுத்து காலண்டர். டிசம்பர் 24, 25, 26 உட்பட்ட ஐந்து நாள் எங்களுக்கு ஆட்டமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. பையன்கள் வீட்டில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு 27, 28 தேதியில் நேராகத் தொடருக்கு வருவார்கள். முதல் ஆட்டத்தின் முதல் குவார்ட்டரில் பாஸ் எல்லாம் காலுக்குக் கீழே போகும். அதனால் முதல் நாளே நாட்டின் பெரிய டீமோடு மோதுகிற இடமாக இருந்தால் யோசிப்போம்.

இதைவிட முக்கியமானது ஃபுட்பால், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஆட்டம். டெக்ஸாஸில் மாநில ஃபுட்பால் இறுதி டிசம்பர் நடுவில்தான் முடியும். பள்ளி ஃபுட்பால் டீம் பிளேஆஃபில் (சீசன் கடைசி நாக்அவுட் சுற்றில்) ஆழமாகப் போய்விட்டால், எங்களுடைய மூன்று நாலு நல்ல ஆட்டக்காரர்கள் அதுவரை அங்கேதான் இருப்பார்கள். தோள் வலியோடு வந்து சேர்வார்கள், பேஸ்கட்பாலுக்கான மூச்சு இருக்காது. முழு டீமும் ஒன்றாக நின்று ஆடுகிற முதல் சந்தர்ப்பமே கிறிஸ்துமஸ் டோர்னமென்ட்தான். நவம்பரில் ஆடிய டீம் வேறு, இது வேறு.

இப்போது பேப்பர். ஏதாவது ஒரு தொடரிலிருந்து அழைப்பு வந்தால் தலைமை கோச் போன வருஷத்து பிராக்கெட்டை, அதாவது யாரோடு யார் மோதுவது என்ற கட்டத்தை, அச்செடுத்து மேஜையில் விரிப்பார். நாங்கள் எந்த இடத்தில் விழுவோம் என்று உத்தேசமாக ஒரு வட்டம். அங்கிருந்து மூன்று பென்சில் கோடு: முதல் இரண்டும் ஜெயித்தால் யார், ஒன்று தோற்று ஒன்று ஜெயித்தால் யார், இரண்டும் தோற்றால் யார். ஜெயிக்கிற கோட்டை அவர் சீக்கிரம் கடந்துவிடுவார். தோற்கிற கோட்டில்தான் விரலை வைத்து நிற்பார். முதல் ஆட்டம் தோற்றபிறகு அடுத்த மூன்று நாள் யாரோடு, எந்த ஜிம்மில், எத்தனை மணிக்கு? அந்தப் பாதை வெறும் பொழுதுபோக்காக இருந்தால் அழைப்பை மடித்து வைத்துவிடுவார்.

கணக்கு வாத்தியார் பாஷையில் சொன்னால், அது ஜனவரி, பிப்ரவரிக்கான மாதிரித் தேர்வு. எங்கள் மாவட்டத்தில் (சீசனில் எங்களோடு மோதும் பள்ளிகளின் குழு) ஒரு டீம் முழு மைதானமும் பிரெஸ் பண்ணும், பந்து எங்கே இருந்தாலும் நெருக்கிப் பிடிக்கும். இன்னொன்றில் ஆறடி ஒன்பது அங்குலத்தில் ஒரு பையன் வளையத்துக்கு அடியில் நிற்பான். மூன்றாவது டீம் முழு ஆட்டமும் ஜோன் டிஃபென்ஸ், எதிராளியைத் தொடராமல் ஆளுக்கொரு இடத்தைக் காப்பது. டிசம்பரில் இந்த மூன்று மாதிரிக் கேள்வியும் வருகிற இடமாகப் பார்த்துத்தான் போவோம். அதே மாவட்டத்து டீம் வருகிற தொடரைத் தவிர்ப்போம். அவர்களோடு எப்படியும் இரண்டு முறை ஆடப்போகிறோம், மூன்றாவதாக ஒருமுறை நம் ஆட்டத்தைக் காட்ட வேண்டாம்.

உங்கள் கோச் பின்னே போகவில்லை சார். போன வருஷத்து பிராக்கெட்டில் அந்தத் தோற்கிற கோட்டைப் பார்த்திருப்பார்.


#3 சார்லட் டாடி

வாத்தியார் சார், மரியாதையோடு மறுக்கிறேன். பையன்கள் வாழ்நாளில் நாலு வருஷம்தான் ஹைஸ்கூல். பெரிய மேடை ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா? எங்கள் மாநிலத்தில் ராலியில் என்பிஏ ஆடிய ஜான் வால் பெயரில் நடக்கும் தொடருக்கு நான் வருஷா வருஷம் போகிறேன். கூட்டம், சத்தம், கல்லூரி கோச்சுகள் சுவரோரம் நிற்கிறார்கள். பக்கத்து மாநிலத்தில் மர்ட்டில் பீச்சில் 1981 முதல் பீச் பால் கிளாசிக் நடக்கிறது. ஃப்ளோரிடா ஃபோர்ட் மையர்ஸில் சிட்டி ஆஃப் பாம்ஸ் 1973 முதல். பின்னாளில் என்பிஏ போன எத்தனையோ பேர் இந்தத் தரைகளில் ஆடியவர்கள். அப்படி ஒருவனை நம் பையன் பதினாறு வயதில் மார்க் பண்ணினான் என்பது சின்ன விஷயமா? நாற்பது பாயின்ட்டில் தோற்றால்தான் என்ன?


#4 ஹூசியர் தமிழன்

இண்டியானாவிலிருந்து. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. இங்கே மாநிலப் போட்டிக்கு எல்லாப் பள்ளியும் உள்ளே. இருபது ஜெயித்தவனும் இரண்டு ஜெயித்தவனும் ஆடலாம். ஆகவே டிசம்பரில் தோற்பதற்கு எங்கள் கோச்சுகள் பயப்படத் தேவையில்லை. கடினமான டீம்களைத் தேடிப் போய் ஆடலாம், போகவும் செய்கிறார்கள்.

கொலராடோ மாதிரி ஆர்பிஐ வைத்திருக்கிற மாநிலத்தில் கதையே வேறு. அங்கே உன் வெற்றி விகிதம், நீ ஆடிய டீமின் வெற்றி விகிதம், அவர்கள் ஆடிய டீமின் விகிதம் எல்லாம் சேர்த்து ஒரு எண். பலமில்லாத தொடருக்குப் போய்க் கோப்பை தூக்கிவந்தால் அந்த எண் பெரிதாக ஏறாது. பலமான இடத்தில் நாலில் இரண்டு ஜெயித்தால் போதும். ஆனால் இடம் தேர்ந்தெடுக்கும்போது, எதிரில் வருகிற டீம் தன் ஊரில் வருஷம் முழுக்க ஜெயிக்கிற டீமா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

நியூ காசில் ஊரில் ஹால் ஆஃப் ஃபேம் கிளாசிக் டிசம்பர் கடைசியில் நடக்கும். நாலு டீம்தான், அழைப்பின் பேரில். உலகிலேயே பெரிய ஹைஸ்கூல் ஜிம் என்று பெயர் பெற்ற ஃபீல்ட்ஹவுஸ், படிக்கட்டு படிக்கட்டாகக் கீழே இறங்கிப் போகும். அந்த அழைப்பு வந்தால் எந்த இண்டியானா கோச்சும் பேப்பர், பென்சில் எடுக்க மாட்டார். உடனே சரி என்றுவிடுவார். சில இடத்துக்குக் கணக்கு பார்ப்பதில்லை.


#5 சான் ஓசே அம்மா

பெண்கள் ஆட்டம் பற்றியும் யாராவது பேச வேண்டும், அதனால் எழுதுகிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பந்தை முன்னே கொண்டுபோகிற பாயின்ட் கார்ட்.

பெண்களுக்கு டிசம்பரில் பீனிக்ஸில் நைக்கி டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் என்று ஒன்று உண்டு. நாடு முழுக்க இருந்து அத்தனை டீம் வரும், பல டிவிஷனாகப் பிரித்துவிடுவார்கள். கோச்சுக்கு அங்கே இருக்கிற பெரிய வசதி அந்தப் பிரிப்புதான். உன் பலத்துக்கேற்ற டிவிஷனில் விழுந்தால் நாலும் நெருக்கமான ஆட்டம். ஆண்களுக்கு எங்கள் கலிஃபோர்னியாவில் லா வெர்னில் டேமியன் பள்ளி நடத்துவதும், சான் டியேகோவில் டோரி பைன்ஸ் நடத்துவதும் இதே முறைதான். வலுவான டீமும் நடுத்தர டீமும் ஒரே வாரத்தில், ஆனால் தனித்தனி பிராக்கெட்டில்.

எங்களுக்கு நடந்த கஷ்டம் வேறொரு ஊரில், இரண்டு வருஷம் முன்னால். பெயர் வேண்டாம். "எங்கள் பட்டியலில் இருக்கிற ஹோட்டலில் தங்கினால்தான் ஆட அனுமதி" என்றார்கள். ஸ்டே டு பிளே. வெளியே பாதி விலையில் அறை கிடைத்தும் எடுக்க முடியவில்லை. டிவிஷனையும் கடைசி வாரத்தில் மாற்றிவிட்டார்கள். பதினைந்து குடும்பத்தில் நாலு குடும்பம் வர முடியாது என்று சொல்லிவிட்டது. அதில் ஒரு பெண், அவள் அம்மா இரண்டு வேலை பார்க்கிறார், டீமோடு பஸ்ஸில் வந்து கோச்சின் மனைவி பார்வையில் தங்கினாள். நாலு நாளும் அவள் அம்மா போனில் லைவ் பார்த்துக்கொண்டு, குவார்ட்டருக்கு ஒரு தடவை எனக்கு மெசேஜ் அனுப்புவார், "சாப்பிட்டாளா?" என்று.

அதற்கடுத்த வருஷம் கோச் முதலில் கேட்டது எல்லாக் குடும்பமும் காரில் வந்து போகக்கூடிய தூரமா என்பதைத்தான். நேப்பர்வில் சார், இரண்டு மணி நேர பஸ் தூரம் என்றால் உங்கள் கோச் மனதில் இப்படி ஒரு குடும்பம் இருக்கலாம். அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியாது.


#6 ஃபிரிஸ்கோ மேத்ஸ் வாத்தியார்

அம்மா, சரியாகச் சொன்னீர்கள். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் சில நூறு டாலர்தான். டீமை இழுப்பது பஸ், அறை, சாப்பாடு. டீமுக்கு நிதி திரட்டும் பூஸ்டர் கிளப்பில் பணம் இருக்கிற பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் தேர்வு ஒன்றாக இருக்காது.

சார்லட் அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது, மழுப்பாமல் பதில் சொல்கிறேன். பெரிய மேடை தப்பே இல்லை. எங்கள் ஃபோர்ட் வொர்த்தில் வாட்டபர்கர் பெயரில் நடக்கும் தொடருக்குப் போகிற வருஷம் பையன்கள் நடக்கிற நடையே மாறிவிடும். ஆனால் அங்கே எட்டாவது, ஒன்பதாவது ஆளுக்கு என்ன கிடைக்கிறது? நெருக்கமான ஆட்டம் என்றால் அவன் உட்கார்ந்திருப்பான். நாற்பதில் தோற்றால் இறங்குவான், ஆனால் அது ஆட்டமே இல்லை. எதிர் டீமும் தன் கடைசி ஐந்தை இறக்கியிருக்கும், ரெஃபரிகூட வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பார்.

கல்லூரி கோச்சுகள் பார்ப்பார்கள் என்பது பற்றி. டிசம்பர் 24 முதல் 26 வரை என்சிஏஏ டிவிஷன் 1, அதாவது மேல்மட்டக் கல்லூரி, கோச்சுகள் ஆட்டக்காரர்களைப் பார்க்க வெளியே வரவே கூடாது, டெட் பீரியட். அதற்குப் பிறகு வரலாம், வருகிறார்கள். ஆனால் அவர்களுடைய கான்ஃபரன்ஸ் (தங்கள் குழுவுக்குள்) ஆட்டமும் அந்த நேரத்தில்தான் தொடங்கும். வருகிறவர் ஏற்கனவே பெயர் குறித்து வைத்திருக்கும் இரண்டு பையனைப் பார்க்க வருகிறார். புதிதாகக் கண்டுபிடிக்க அல்ல. அது கோடைக்கால ஏஏயூ கிளப் ஆட்டங்களிலும், ஹடுல் தளத்தில் ஏற்றுகிற வீடியோவிலும் நடக்கிறது. எங்கள் டீமில் அப்படி ஒரு பையன் இருந்த வருஷம், அவனுக்காகவே இடத்தை மாற்றினோம். அது நியாயம். ஒருவனும் இல்லாத வருஷம் பதினான்கு பேரையும் அந்தக் கனவுக்காக விமானத்தில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.


#7 நேப்பர்வில் அப்பா

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு சந்தேகம். கோச் நினைத்தால் எந்தத் தொடருக்கும் போய்விட முடியுமா? யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? இலினாயில் பிப்ரவரியில் கோச்சுகளே வாக்களித்து சீடிங், அதாவது தரவரிசை, போடுகிறார்கள் என்று தெரியும். அப்படியானால் டிசம்பரில் தெரிகிற முகம் முக்கியம்தானே?


#8 ஹில்ஸ்பரோ ஸ்கோர் டேபிள்

ஓரிகன். பள்ளி ஜிம்களில் ஸ்கோர் டேபிளில் உட்கார்கிறேன், பதினோரு வருஷமாக. நடத்துகிறவர்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

கோச் தேர்ந்தெடுக்கிறார் என்பது பாதி உண்மைதான். நல்ல தொடர்களில் இடம் காலியாவதே அபூர்வம். 16 டீமில் பத்துப் பன்னிரண்டு டீம் வருஷா வருஷம் வருகிறவை. அந்தக் கையெழுத்தை இப்போதைய கோச்சுக்கு முன்னால் இருந்தவர், சில இடத்தில் அவருக்கும் முன்னால் இருந்தவர் போட்டிருப்பார். ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்துக்கு. சீசன் முடிந்த மார்ச், ஏப்ரலில் போன் ஓடும். "உங்களிடம் ஒரு இடம் இருக்கிறதாமே?" என்று. மே மாதத்துக்குள் அடுத்த டிசம்பர் ஏறக்குறைய முடிந்துவிடும். கடைசி நேரத்தில் கழன்றுகொள்ளும் கோச்சின் பெயரை நடத்துகிறவர்கள் மறப்பதில்லை.

நடத்துகிறவர் பார்ப்பது இரண்டு. ஒன்று, இந்த டீம் வந்தால் கூடவே எத்தனை பேர் டிக்கெட் வாங்கி உள்ளே வருவார்கள். தொலைவிலிருந்து வரும் புகழ்பெற்ற டீமைப் பார்க்கக் கூட்டம் வரும். ஆனால் காலைக் காட்சியை நிரப்புவது பத்து மைலில் இருக்கிற பள்ளியின் தாத்தா பாட்டிகள்தான். 1996இல் தொடங்கி இப்போது எங்கள் ஊரில் நடக்கும் லெஸ் ஷ்வாப் இன்விடேஷனலில் வெளிமாநில டீம்களோடு உள்ளூர் ஓரிகன் டீம்களும் கண்டிப்பாக இருக்கும். டயர் கடைப் பெயர் போட்ட அந்தத் தொடருக்கு ஊர்க்காரர்கள் லீவு போட்டுக்கொண்டு வருவார்கள். இரண்டாவது, ரெஃபரி. லீவு வாரத்தில் ஒரு நாளைக்கு எட்டு ஆட்டம், ஆட்டத்துக்கு மூன்று பேர். ஆள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகிறது. நல்ல ரெஃபரி வருகிற தொடரா என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்கிற கோச்சுகள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் அவர்கள்தான் விவரமானவர்கள்.

விதி வித்தியாசமும் பார்ப்பார்கள். 35 நொடிக்குள் பந்தை வளையத்துக்கு எறிய வேண்டும் என்கிற ஷாட் கிளாக்கை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை 2022-23 முதல் அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். ஷாட் கிளாக் இல்லாத ஊரிலிருந்து வரும் டீம் எங்கள் ஜிம்மில் முதல் ஆட்டத்தில் மேலே எரிகிற எண்ணைப் பார்த்துப் பார்த்தே பந்தை விடும். தங்கள் மாநிலத்திலும் அது வரப்போகிறது என்று தெரிந்தால், பழகிக்கொள்ளவே ஒரு கோச் அப்படிப்பட்ட இடத்துக்கு வருவார்.


#9 பழைய பியோரியாக்காரர்

நேப்பர்வில் தம்பி, இலினாய் என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. முப்பது வருஷம் அந்தப் பக்கம் இருந்தவன். சின்ன ஊர்த் தொடர் என்று உங்கள் ஆட்கள் முகம் சுளித்தது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பான்டியாக் என்று ஒரு ஊர். பழைய ரூட் 66 சாலையில், பதினோராயிரம் பேர் இருக்கிற ஊர். அங்கே 1926இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் லீவுத் தொடர்தான் இந்த நாட்டிலேயே பழையது என்று பெயர். 16 டீம். தெற்கே சென்ட்ரலியாவில் 1943 முதல் ஒன்று. அந்த ஊர் டீமின் பெயரே "ஆர்ஃபன்ஸ்", அநாதைகள். அந்தப் பெயரை அவ்வளவு பெருமையோடு சட்டையில் போட்டுக்கொள்வார்கள். புளூமிங்டன், நார்மல் இரட்டை ஊரில் ஸ்டேட் ஃபார்ம் தொடர்: ஆண்கள், பெண்கள், பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்று நாலு பிராக்கெட், ஒவ்வொன்றிலும் 16, ஆக 64 டீம். அந்த வாரம் அந்த ஊர் ரெஸ்டாரன்ட்டில் உட்கார இடம் கிடைக்காது, எங்கே பார்த்தாலும் டிராக் சூட் போட்ட பிள்ளைகள்.

இதெல்லாம் ஏன் சின்ன ஊரில் வளர்ந்தது? அறுவடை முடிந்துவிட்டது, வெளியே பனி, பள்ளிக்கூடம் லீவு, ஊரில் வெளிச்சமும் வெதுவெதுப்பும் இருக்கிற பெரிய கட்டடம் ஜிம் ஒன்றுதான். பான்டியாக்கில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் ஒரு அம்மா, மடியில் கம்பளி, கையில் பென்சிலும் நிகழ்ச்சிப் புத்தகமும். உள்ளூர் டீம் ஆடவே இல்லை, அது ராத்திரி ஆட்டம். சிகாகோவிலிருந்து வந்த ஒரு டீமுக்கும் தெற்கேயிருந்து வந்த ஒரு டீமுக்கும் காலை ஆட்டம். ஒவ்வொரு பையனின் எண்ணுக்கு நேரே அவன் போட்ட பாயின்ட்டைக் கோடு கோடாகக் குறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே சொந்தக்காரப் பிள்ளை யாரும் இல்லை. நான் கேட்டேன்.

அப்படி ஒருவர் முன்னால் ஆடுவதை நான் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன், தம்பி.


#10 பெஞ்ச் 14

எல்லோருக்கும் வணக்கம். நான் இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். அப்பா இந்த இழையை அனுப்பினார், படித்துவிட்டு எழுதுகிறேன். தமிழில் எழுதிப் பழக்கம் குறைவு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒன்பதாவது ஆள்தான். ஜூனியர் வருஷம் முதல் ஆட்டம் தோற்றோம். இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு கான்சலேஷன் ஆட்டம் (முதலில் தோற்றவர்களுக்குள்), மெயின் ஜிம்கூட இல்லை, பக்கத்தில் இருக்கிற பழைய ஜிம். ஒரு பக்கம் மட்டும்தான் உட்காரும் பலகை. பார்க்க வந்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். ஷூ தரையில் தேய்கிற சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். எதிர் கோச் தன் டீமிடம் சொல்வது எல்லாம் எங்களுக்கும் கேட்கும்.

முதல் குவார்ட்டரில் எங்கள் கார்டுக்கு இரண்டு ஃபவுல். கோச் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மேல் சட்டை பட்டனைக் கழற்றவே தடுமாறினேன். ஸ்கோர் 11-11. அதுவரைக்கும் நான் இறங்கியபோதெல்லாம் ஒன்று நாங்கள் இருபது முன்னால், இல்லை இருபது பின்னால். சமமான ஸ்கோரில் நான் பந்தைக் கையில் பிடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. முதல் பாஸையே எதிராளி பறித்துக்கொண்டான். கோச் என்னை வெளியே எடுக்கவில்லை. "அடுத்த ஆட்டத்தைப் பார்" என்று கையைக் கீழ்நோக்கி அசைத்தார், அவ்வளவுதான். அந்த ஆட்டத்தில் பத்தொன்பது நிமிஷம் ஆடினேன். ஆறு பாயின்ட்.

பிப்ரவரியில் எங்கள் கார்டுக்குக் கணுக்கால் சுளுக்கு. பிளேஆஃப் ஆட்டத்தில் நான்தான் இறங்கினேன். பயம் இருந்தது, ஆனால் கை நடுங்கவில்லை.

அங்கிள், உங்கள் பையனிடம் காலை ஒன்பது மணி ஆட்டத்துக்காகத் தயாராகச் சொல்லுங்கள். கண்டிப்பாக முதல் நாள் ராத்திரி சீக்கிரம் தூங்கச் சொல்லுங்கள். எங்கள் டீமில் பாதிப் பேர் ஹோட்டல் நீச்சல் குளத்தில் பதினோரு மணி வரை இருந்தார்கள், காலையில் கால் எழும்பவில்லை.


#11 சார்லட் டாடி

பெஞ்ச் 14 தம்பி, நன்றாக எழுதியிருக்கிறாய், பிழையும் இல்லை. என் மகன் முதல் ஐந்தில் ஆடுகிறவன். அதனால் நான் அந்தப் பக்கத்திலிருந்தே யோசித்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. பெரிய மேடை ஒரு முறையாவது வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் நாலு வருஷத்தில் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். மூத்த பசங்க நிறைந்த வருஷத்தில் போகட்டும்.


#12 ஃபிரிஸ்கோ மேத்ஸ் வாத்தியார்

அண்ணா, நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறோம். முதல் ஐந்தில் நாலு பேர் பன்னிரண்டாம் வகுப்பு என்றால் மேலே போய் ஆடு. சின்னப் பசங்க டீம் என்றால் நாலில் இரண்டாவது ஜெயிக்கக்கூடிய இடம். தொடர்ந்து தோற்றுக்கொண்டே ஜனவரிக்குள் வந்தால் பதினைந்து வயதுப் பையன் நாங்கள் சொல்வதையே நம்ப மாட்டான். எதைச் சொன்னாலும் "இப்படி ஆடித்தானே தோற்றோம்" என்று முகத்தில் எழுதியிருக்கும்.


#13 நேப்பர்வில் அப்பா

கோச்சிடம் நேரில் பேசிவிட்டேன். குறை சொல்லப் போகவில்லை, கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அவர் மேஜை டிராயரிலிருந்து போன வருஷத்து பிராக்கெட்டை எடுத்தார். வாத்தியார் சொன்ன அதே பென்சில் கோடு! எனக்குச் சிலிர்த்துவிட்டது.

தோற்கிற பாதையில் இரண்டு டீமை வட்டமிட்டிருந்தார். ஒன்று முழு மைதானம் பிரெஸ். எங்கள் கான்ஃபரன்ஸில் போன வருஷம் எங்களை இரண்டு தடவை தோற்கடித்த டீமும் அப்படித்தான் ஆடும். நாலு ஆட்டமும் எல்லா டீமுக்கும் உறுதி. சீடிங் வாக்கு பற்றியும் கேட்டேன். "பிப்ரவரியில் வாக்குப் போடப்போகிற கோச்சுகளில் மூன்று பேர் அந்த ஜிம்மில் உட்கார்ந்திருப்பார்கள். கடற்கரைக்கு ஒருவரும் வரமாட்டார்கள்" என்றார். இது எனக்குத் தோன்றவே இல்லை.

பஸ் செலவு பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார், யார் என்று சொல்லவில்லை. சான் ஓசே அம்மா, நீங்கள் ஊகித்தது சரி.


#14 நேப்பர்வில் அப்பா

டிசம்பர் 30, ராத்திரி. இப்போதுதான் வீடு வந்தோம். முதல் ஆட்டம் ஏழு பாயின்ட்டில் தோல்வி. மறுநாள் காலை 9 மணி ஆட்டம் வெற்றி. மூன்றாவது அந்த பிரெஸ் டீம், முதல் பாதியில் நம் பையன்கள் பந்தை 14 தடவை விட்டார்கள், இரண்டாம் பாதியில் ஐந்து. இரண்டு பாயின்ட்டில் தோற்றோம். கடைசி ஆட்டம் வெற்றி. காலை ஆட்டத்தில் பையன் பதினாறு நிமிஷம். வரும் வழியெல்லாம் பின் சீட்டில் பேசிக்கொண்டே வந்தான், அந்த பிரெஸ்ஸை எப்படி உடைத்திருக்க வேண்டும் என்று.


#15 பெஞ்ச் 14

சூப்பர் அங்கிள்! ஃப்ரீ த்ரோ எப்படிப் போட்டான்?


#16 நேப்பர்வில் அப்பா

நாலுக்கு மூன்று. அந்த நாலாவதை இப்போது வெளியே பனியில் டிரைவ்வேயில் போட்டுக்கொண்டிருக்கிறான். உள்ளே கூப்பிடப் போகிறேன்.